ஆட்சேபணை இல்லை

அந்தத் தொகுதியில் செத்தவர்கள் ஒழுங்காக ஓட்டுப் போட்டுவிடுவார்கள். உயிரோடு இருப்பவர்களைத்தான் வண்டி வைத்து, கையைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவர வேண்டியிருக்கும். ஒரு தேர்தலில் விழுந்த ஓட்டு தொகுதியில் இருந்த தலைகளைவிட அதிகம் என்று தெரிந்ததும், வென்ற உறுப்பினர் சட்டமன்றத்தில் எழுந்து, "என் தொகுதி மக்களுக்கு ஜனநாயகத்தின்மேல் அவ்வளவு பற்று" என்று பேசினாராம். அவர் சட்டமன்றத்தில் வாயைத் திறந்தார் என்பதுதான் அதில் நம்ப முடியாத பகுதி. மற்றதெல்லாம் உண்மை.

இப்படிப்பட்ட தொகுதியில் ஒரே ஒரு வாக்குச்சாவடி மட்டும் சுத்தபத்தமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இருந்த அறை அது. அங்கே ஒரு கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்தவருக்குச் 'சல்லடை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவர் மனைவியே மறந்துபோயிருப்பாள். கள்ள ஓட்டு என்று ஒரு உமிகூட அவரைத் தாண்டிப் போனதில்லை என்பதால் ஊர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

ஏஜெண்டு வேலை பெரிய வேலை ஒன்றுமில்லை. ஓட்டுப் போட வருபவரின் பெயரை அலுவலர் உரக்க வாசிப்பார். வந்திருப்பது அந்த ஆள்தானா என்று ஏஜெண்டு பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆட்சேபிக்கலாம். மற்ற ஏஜெண்டுகள் எழுந்து நின்று கத்துவார்கள். சல்லடை கத்தமாட்டார். விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களில் சிலர் அவசர வேலை வந்ததுபோல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அவருக்கு அந்தக் கண் தொழிலில் வந்தது. கடைவீதி முனையில் கண்ணாடி வெட்டி, படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை அவருடையது. ஊரில் யாருக்குக் கல்யாணமானாலும், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் கண்ணை மூடினாலும் படம் அவரிடம்தான் வரும். கண்ணாடியைத் துடைத்து, கீழே படத்தை வைத்து, மேலே வைத்து, தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஆணியடிப்பதற்குள், அந்த முகம் அவருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒருமுறை முகம் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் ஓட்டுப் போட வந்தான். சல்லடை முகத்தைப் பார்க்கவே இல்லை. "இந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். போன மாசம் ஒரு கல்யாணப் படத்துல பொண்ணுக்குப் பின்னாடி நின்னுச்சு. இது வெளியூர்க் கழுத்து" என்றார். கட்டைப் பிரித்துப் பார்த்தால் காயமும் இல்லை, ஆளும் உள்ளூர் இல்லை.

தப்பே நடந்ததில்லையா என்றால், நடந்தது. ஒரு கிழவரின் படத்தை அவர் மருமகள் எதற்கும் இருக்கட்டுமென்று முன்கூட்டியே சட்டம் போடக் கொடுத்துவிட்டாள். கிழவர் ஓட்டுப் போட வந்தபோது சல்லடை மேசையைத் தட்டிவிட்டார். தான் சாகவில்லை என்று நிரூபிக்கக் கிழவர் சண்டை பிடித்தார். அவர் திட்டிய வார்த்தைகளைக் கேட்ட அலுவலர்கள், செத்த மனிதனால் இவ்வளவு தெம்பாகத் திட்ட முடியாது என்று ஏகமனதாக முடிவுசெய்து ஓட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். மருமகள் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வரவில்லை.

எதிர்க்கட்சிக்கு ஏஜெண்டாக அதே மேசையில் உட்கார்ந்தவர் மருந்துக்கடைக்காரர். சல்லடையின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வெளியே கட்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, உள்ளே மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே டப்பாவிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருப்பார்கள். இரண்டு கட்சிக்கும் சாப்பாடு ஒரே அடுப்பிலிருந்து வந்தது.

இந்தத் தேர்தலிலும் அப்படித்தான். காலையிலேயே வெயில் அறைக்குள் வந்து நாற்காலி தேடியது. மேலே சுற்றிய மின்விசிறி காற்றைத் தவிர எல்லாம் தந்தது: சத்தம், தூசி, எப்போது தலையில் விழுமோ என்கிற பயம். தலைமை அலுவலர் வெளியூரிலிருந்து வந்த இளம்பெண். எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். பெயர் வாசிக்க வந்தவருக்கு மட்டும் வெண்கலத் தொண்டை. அவர் ஒரு பெயரைச் சொன்னால், பெயருக்குரியவர் வீட்டிலிருந்தாலும் எழுந்து நின்றிருப்பார்.

"என்ன மாப்ள, இந்தத் தடவை உங்க ஆளு ஜெயிச்சா எங்க தெருவுக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர், முட்டையை உரித்துக்கொண்டே.

"போன தடவை உங்க ஆளுதான மச்சான் ஜெயிச்சாரு. வந்துச்சா?"

"வந்துச்சே. ஓட்டுக் கேக்க வந்தப்ப அழுதாரே, பாக்கல? ஒரு குடம் இருக்கும்."

"அப்ப எங்காளு அதைவிட நல்லா அழுவாரு. பயிற்சி எடுத்திருக்காரு."

அலுவலர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் நிஜமாவே எதிரெதிர்க் கட்சியா?"

"கட்சி என்னங்க கட்சி, மேடம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "இவருக்குப் பொண்ணு குடுத்த அன்னைக்கே நாங்க எதிர்க்கட்சி ஆயிட்டோம்."

சல்லடையும் சிரித்தார். சிரித்துவிட்டு வாசலைப் பார்த்தார். ஒவ்வொரு தேர்தலிலும் அவர் வாசலைப் பார்ப்பது கள்ள ஓட்டுக்காக என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. மச்சானுக்கு மட்டும் காரணம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மூன்று தேர்தலுக்கு முன்னால், இதே அறையில், இதே மேசையில் நடந்தது அது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற யாரோ ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டது. "நான்தான்" என்று வந்து நின்றது சல்லடையின் ஒரே மகன். அரும்பு மீசை. சேக்காளிகள் பந்தயம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். "எங்கப்பாதான்டா உள்ள இருக்காரு, அவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தானாம். உள்ளே வந்து அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். சின்ன வயதில், அம்மாவுக்குத் தெரியாமல் சர்க்கரை டப்பாவில் கை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரிப்பானே, அதே சிரிப்பு.

சல்லடை மேசையைத் தட்டினார்.

"இவன் அந்த ஆள் இல்லை. இவன் என் மகன்."

போலீஸ்காரர் பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். முதல் பொத்தான் தெறித்து மேசைக்கு அடியில் ஓடியது. பையனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க அவனுக்கு நேரமில்லை. வரிசையில் நின்ற ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மருந்துக்கடைக்காரர் தன் கட்சியை அம்போவென்று விட்டுவிட்டு மருமகன் பின்னால் ஓடினார். சல்லடை ஓடவில்லை. பெட்டியை மூடி, அரக்கு வைத்து, முத்திரை குத்தும்வரை ஏஜெண்டு எழக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். உட்கார்ந்தே இருந்தார். மாமா எப்படியோ பேசிப் பையனை வெளியே கொண்டுவந்துவிட்டார். காவல் நிலையப் படியில் நின்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "அப்பா வரலையா மாமா?"

"பெட்டிக்குச் சீல் வைக்கணும்லப்பா" என்றிருக்கிறார் மாமா.

பையன் சிரித்தான். நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொன்னதில்லை. அவன் படத்துக்கு மட்டும் சட்டம் போட அம்மா விடவில்லை. "சட்டம் போட்டா செத்தவங்க வரிசையில சேந்துரும்" என்று துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஆள் வரும்போதெல்லாம், "வேலைக்குப் போயிருக்கான், சாயங்காலம் வந்துருவான்" என்பாள். செத்தவர், ஊர் மாறியவர், ஓடிப்போனவர் என்று தெருவையே சலித்து நீக்க வைத்த சல்லடை, அப்போது மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். இப்படியாக அவன் பெயர் பட்டியலில் தங்கிவிட்டது.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தது. மருந்துக்கடைக்காரருக்குக் கண் சொக்கியது. வெளியே இரண்டு நாய்கள் குழாயடி ஈரத்தில் கட்சி பேதமில்லாமல் படுத்திருந்தன. அப்போதுதான் வெண்கலத் தொண்டை ஒரு பெயரை வாசித்தது. பெயர், வீட்டு எண்.

சல்லடைக்கு முதலில் அது தன் காதுக்குள்ளிருந்து வந்த சத்தம் என்று தோன்றியது. அவர் தனியாகக் கடையில் இருக்கும்போது அப்படி வருவதுண்டு. ஆனால் மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆமா, நான்தான்" என்றது ஒரு குரல்.

மேசைக்கு முன்னால் ஒரு இளைஞன் நின்றான். மகன் இப்போது எந்த வயதில் இருப்பானோ அந்த வயது. அதோடு பொருத்தம் முடிந்தது. காது வேறு, நெற்றி வேறு, நிற்கிற விதமே வேறு. அவனை அனுப்பியது எந்தக் கட்சி என்பது இன்றுவரை தெரியாது. ஜெயித்தவர் தோற்றவரைச் சொன்னார், தோற்றவர் ஜெயித்தவரைச் சொன்னார். யாராக இருந்தாலும், பல வருடம் வராதவன் பெயரைப் பொறுக்கியெடுத்து, அவன் தகப்பன் உட்கார்ந்திருக்கிற அறைக்கே ஆள் அனுப்பிய அந்த மகானைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

"அப்பா பேர் என்ன?" என்றார் அலுவலர் பெண்.

இளைஞன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். சரியாகச் சொன்னான். ஊரே மறந்துபோன பெயரை அவன் சொன்னான்.

"அட, காலையில ஏஜெண்டு சீட்டுல பாத்தேனே, நம்ம ஐயா பேராச்சே!" என்றார் வெண்கலத் தொண்டை. "ஐயா, உங்க பையனா?"

இளைஞனின் முகம் வெளுத்துப்போனது. திரும்பிச் சல்லடையைப் பார்த்தான். கால்கள் வாசலைத் தேடின. ஆனால் வாசலில் போலீஸ்காரர் இருந்தார். ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடித்து உள்ளே ஒரு அடி வைத்திருந்தார்.

சல்லடையின் கை மேசைக்கு மேலே எழுந்தது. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். விரல்கள் மடங்கின. முட்டி மேசைக்கு நேராக நின்றது.

போலீஸ்காரர் பையனின் பின்னால் வந்துவிட்டார். அவர் கை காலரை நோக்கி நீண்டது.

"விடுங்க" என்றார் சல்லடை. "இவன் என் மகன்தான்."

அலுவலர் பெண் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொந்தம்தானே? உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாமலே பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல மேடம். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆட்சேபணை இல்லை" என்றார்.

பையன் விரலில் மை வைத்துக்கொண்டான். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனான். பெட்டியில் போட்டான். அதற்குள் சீட்டு ஒருமுறை கைதவறிக் கீழே விழுந்திருந்தது. வெளியே போகும் வழி மேசையைத் தாண்டித்தான். மகன் என்றான பிறகு ஒன்றும் பேசாமல் போவது சரியில்லை என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் நின்றான்.

"வரேன்ப்பா" என்றான்.

சல்லடை தலையசைத்தார். "வெயில்ல நிக்காத" என்றார்.

அவன் போய் வெகுநேரம் கழித்து மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, தண்ணி குடிங்க."

"கள்ள ஓட்டு மச்சான்."

"தெரியும். குடிங்க."

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு கள்ள ஓட்டோடு போயிருக்கும். அந்தத் தொகுதி எத்தனையோ பார்த்தது; இன்னொன்றைச் சுமக்க மாட்டேன் என்றா சொல்லியிருக்கும்? ஆனால் வெயில் தணிந்ததும், வீட்டு வேலையை முடித்துவிட்டு, சல்லடையின் மனைவி ஓட்டுப் போட வந்தாள். அண்ணனுக்கும் புருஷனுக்கும் ஒரு தூக்கில் டீ. மேசையில் அதை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்பிட்ட டப்பாவைக் கழுவக்கூட இல்லையா? கட்சி நடத்த வந்துட்டாங்க" என்று வழக்கமான வசவைக் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

அவள் பெயரும் வீட்டு எண்ணும் வாசிக்கப்பட்டன. அலுவலர் பெண் அவளைப் பார்த்து நல்ல மனதோடு சிரித்தார்.

"உங்க பையன் இப்பதான் போட்டுட்டுப் போனாரும்மா. நீங்க சேர்ந்தே வந்திருக்கலாமே!"

அவள் சிரித்த முகத்தோடு, "யாரு?" என்றாள்.

"உங்க பையன். ஐயாவே சொன்னாரே, மகன்தான்னு."

மை வைக்க நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். சல்லடையைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. திரும்பி ஓடினாள். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது.

"எந்தப் பக்கம் போனான்? எம்புள்ள எந்தப் பக்கம் போனான்?" என்று வெளியே அவள் போலீஸ்காரரைக் கேட்பது உள்ளே கேட்டது. பிறகு டீக்கடைக்காரரை. பிறகு சத்தம் தூரமாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் எழப்போனார். சல்லடை அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"நான் போறேன் மச்சான்."

"பெட்டி?"

"நீங்க பாத்துக்குங்க. ரெண்டு கட்சிக்கும்."

வாசலில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டார். கடைவீதி முழுக்க ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். வாக்குப்பதிவு முடியுமுன் சல்லடை வெளியே நடப்பதை யாரும் பார்த்ததில்லை. ஏதோ கலவரம் என்று நினைத்து ஒரு வளையல் கடை கதவைச் சாத்தியது.

அவள் பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள். சிமெண்டு இருக்கையின் நுனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முந்தானை தரையில் கிடந்தது. அவர் குனிந்து செருப்பை அவள் காலருகில் வைத்தார். அவள் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு பஸ்ஸு இப்பதான் போச்சாம்" என்றாள். "அதுல ஏறுனானான்னு யாருக்கும் தெரியல. இளைச்சிட்டானா? என்ன சட்டை போட்டிருந்தான்? ஏங்க, என்னைக் கேட்டானா?"

சல்லடை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. வந்தது அவன் இல்ல."

"யாரு இல்ல?"

"நம்ம பய இல்ல. யாரோ ஒரு பய. எவனோ பேரைக் குடுத்து அனுப்பியிருக்கான்."

"நீங்கதான மகன்னு சொன்னீங்களாம்?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். கண்ணாடி கீறிய தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. "போலீஸ்காரன் சட்டையப் பிடிக்க வந்தான்" என்றார்.

ஒரு லாரி போனது. இரண்டு கட்சிக் கொடிகளையும் கட்டிக்கொண்டு ஒரு வாடகை வண்டி போனது. பிறகு அவள் பேசியபோது, சண்டைக் குரல் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்களே."

"சொல்லிட்டேன்."

"பெத்த பிள்ளை முன்னாடி வந்து நின்னு சிரிச்சான். அவனுக்காகச் சொல்லல. இன்னைக்கு எவனோ ஒருத்தனுக்காகச் சொன்னீங்களா? இதை நான் நம்பணுமா?"

அவர் செருப்பை அவள் காலுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினார்.

"வந்தது அவன்தான்" என்றாள். "நீங்க ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்க. அதான் என்னைப் பாக்காமப் போயிட்டான். என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"வெயில்ல நிக்காதன்னு சொன்னேன்."

அவள் முகம் அப்படியே உடைந்தது. சத்தம் வராமல் அழுதாள். எவனோ ஒருவனிடம் யார் அப்படிச் சொல்வார்கள்? சல்லடைக்கும் அது புரிந்தது. உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யைவிடப் பொய்யாகிக்கொண்டிருந்தது. அவர் சொன்னால் ஊரே பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல் நம்பும். அந்தச் சொல்லுக்கு இந்த ஒரு இருக்கையில் செல்லுபடி இல்லை.

"வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"நீங்க போங்க. பஸ்ஸு வரும்."

"வந்தா?"

"எங்கயோ பக்கத்துலதான் போயிருப்பான். ஓட்டுப் போட வந்தவன், அம்மாவைப் பாக்காம எவ்வளவு தூரம் போயிருவான்? திரும்பி வருவான்."

பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மணி அடித்தது. வாக்குப்பதிவு முடிந்தது. அவள் விரலில் மை இல்லை. அந்நேரம் அங்கே மச்சான் ஒற்றை ஆளாய் இரண்டு கட்சிக்கும் பொறுப்பாக நின்று, பெட்டிக்கு அரக்கு உருக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சல்லடை எழவில்லை.

ஒரு பேருந்து வந்து நின்றது. தூசியடங்கியதும் ஆட்கள் இறங்கினார்கள். மூட்டையோடு ஒரு கிழவி, தூங்கி வழிகிற ஒருவர், பின்னால் இளைஞர்கள், ஒருவர் மாற்றி ஒருவராக.

சல்லடை தன்னையறியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினார். பழக்கம். காது, நெற்றி, நிற்கிற விதம். இல்லை. இல்லை. இவனும் இல்லை. அன்று கடைசியாகப் பார்த்த மகன் முகத்தின்மேல் இத்தனை வருடத்தை ஏற்றிப் பார்த்தார். தாடை எப்படி மாறியிருக்கும், முடி எந்தப் பக்கம் ஏறியிருக்கும். முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. இப்போது அவனே இறங்கி எதிரே வந்து நின்றால், தனக்குத் தெரியுமா?

பக்கத்தில் அவளுடைய அசைவு இல்லாததை உணர்ந்து திரும்பினார்.

அவள் பேருந்தைப் பார்க்கவில்லை. இறங்குகிறவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. அவர் வாய் என்ன சொன்னாலும், மகனைக் கண்டால் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பி, கண்ணை இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.